காளான் கேப்சூல் ரத்தக்குழாய் அடைப்பைத் தடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் மருந்துக் கடை நடத்துகிறேன். சமீபகாலமாக டாக்டர் சீட்டோடு சேர்த்துக் கைபேசியையும் நீட்டுகிறார்கள். திரையில் ரீஷி, ஷிட்டாக்கே, கார்டிசெப்ஸ் என்று ஏதாவது ஒரு காளான் கேப்சூல் விளம்பரம். "அக்கா, இது ஹார்ட் அடைப்பைக் கரைச்சிடுமாம், வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். பின்னால் கூட்டம் நிற்கும்போது இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. தமிழில் கேட்பவர்களுக்குத் தமிழிலேயே பொறுமையாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் மருந்தாளுநர், இதய மருத்துவர் அல்ல. உங்கள் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். காளான் கேப்சூல் சாப்பிட்டால் மாரடைப்பு வராதா?

அப்படி மனிதர்களிடம் நிரூபித்த ஆய்வு ஒன்றுகூட இல்லை. சோதனைக்கூடத்திலும் எலிகளிடமும் நம்பிக்கை தரும் முடிவுகள் நிறைய உண்டு. காளானைச் சமைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. கேப்சூலை நம்பிக் கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அடைப்பு என்பது கொழுப்பு படிவதுதானே? காளான் அதை எப்படித் தடுக்கும் என்கிறார்கள்?

நம் ஊர் போர்வெல் தண்ணீர் ஓடும் குழாயில் உப்பு படிகிறதே, அதைப் போலத்தான் பலரும் இதை நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் "கரைத்துவிடும்" என்ற விளம்பரம் எளிதாக எடுபடுகிறது. உண்மையில் கொழுப்பு குழாயின் உள்பரப்பில் வந்து ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளே புகுந்துகொள்கிறது.

தமனியின் உட்சுவரில் ஒற்றை அடுக்காக மெல்லிய செல்கள் இருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு அதிகமாக இருந்தால் இந்த அடுக்கைத் தாண்டி உள்ளே போய்த் தங்கிவிடுகிறது. சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம் எல்லாம் அந்த அடுக்கைப் பலவீனமாக்கி வேலையைச் சுலபமாக்குகின்றன. தங்கிய எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகிறது. உடனே உட்சுவர் செல்கள் ஆபத்து என்று நினைத்து, பசை மாதிரியான சில புரதங்களை வெளியே நீட்டுகின்றன. ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி, உள்ளே நுழைந்து, கெட்டுப்போன கொழுப்பை விழுங்கி உப்பிப்போகின்றன. இப்படிப் பல வருடம் நடந்த பிறகுதான் சுவருக்குள் ஒரு கொழுப்புக் கட்டி உருவாகிறது. அதன் மேல்மூடி ஒருநாள் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டி இதயத் தமனியை அடைத்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் தமனியை அடைத்தால் பக்கவாதம்.

காளான் ஆய்வாளர்கள் இந்த வரிசையில் மூன்று இடங்களைக் குறிவைக்கிறார்கள். எல்டிஎல்லைக் குறைப்பது, அது கெட்டுப்போவதைத் தடுப்பது, வெள்ளை அணுக்கள் ஒட்டுவதைக் குறைப்பது. மூன்றுமே அறிவியல்படி நியாயமான யோசனைகள்தான். காளான்மேல் எனக்கு இருக்கும் மரியாதையும் அங்கிருந்துதான் வருகிறது.

காளானுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

ஒவ்வொரு காளானிலும் ஒவ்வொன்று.

ஷிட்டாக்கேயில் எரிடாடெனின் என்ற பொருள் இருக்கிறது. ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. எலிகளின் ரத்தக் கொலஸ்ட்ராலை இது நன்றாகவே இறக்குகிறது. கல்லீரல் கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்பும் முறையை மாற்றிவிடுகிறது என்பது விளக்கம்.

பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து எல்லாக் காளானிலும் உண்டு. ஓட்ஸ் பாக்கெட்டிலும் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஓட்ஸில் இருப்பது தினமும் 3 கிராம் உள்ளே போனால் கொலஸ்ட்ரால் குறைகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-லேயே ஒத்துக்கொண்டது. காளானில் இருக்கும் பீட்டா குளுக்கானின் கட்டமைப்பு வேறு. ஓட்ஸ் கஞ்சி மாதிரி அது குழகுழவென்று கரைவதில்லை. அந்தக் குழகுழப்புதான் குடலில் பித்தநீரைப் பிடித்து வைக்கிறது. ஆகவே ஓட்ஸுக்குச் சொன்னதை அப்படியே தூக்கிக் காளான் பாட்டிலில் ஒட்டுவது சரியில்லை.

ரீஷியில் கேனோடெரிக் அமிலங்கள் இருக்கின்றன. அந்தக் கடுங்கசப்புக்கு இவையே காரணம். கொலஸ்ட்ரால் உற்பத்தியின் சில படிகளை இவை சோதனைக்கூடத்தில் தடுக்கின்றன.

எனக்கு அதிக ஆர்வம் தருவது எர்கோதயோனின். கந்தகம் கலந்த அமினோ அமிலம் இது. நம் உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது, உணவில் இருந்துதான் வரவேண்டும். அதற்கு மிகச் சிறந்த மூலம் காளான். சிப்பிக் காளானிலும் ஷிட்டாக்கேயிலும் மொட்டுக் காளானைவிட அதிகம். நம் செல்களில் இதை உள்ளே இழுத்துக்கொள்ளவே ஒரு தனிப் புரதம் வேலை செய்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனின் மால்மோ நகரில் 3,000-க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. ரத்தத்தில் எர்கோதயோனின் அதிகம் இருந்தவர்களுக்கு இதயநோயும் அதனால் வரும் மரணமும் குறைவாக இருந்தன. காளான்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று இதைவைத்துச் சொல்லிவிட முடியாது. காய்கறியும் காளானும் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம். ஆனாலும் தொடர்ந்து பார்க்கவேண்டிய தடயம் இது.

சோதனைக்கூடத்தில் வேலை செய்தது உடம்பில் ஏன் செய்யாது?

மனிதத் தமனிச் செல்களைத் தட்டில் வளர்த்து, அழற்சியைத் தூண்டி, கூடவே காளான் சாற்றையும் சேர்த்து ஆய்வு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான அப்படியோர் ஆய்வில், விலை உயர்ந்த காளான்கள் மட்டுமல்ல, சாதாரண மொட்டுக் காளான் சாறுகூட வெள்ளை அணுக்கள் ஒட்டுவதைக் குறைத்தது.

ஆனால் தட்டில் சாறு நேராகச் செல்மீது படுகிறது. நாம் விழுங்கினால் வயிற்று அமிலம், குடல், கல்லீரல் என்று மூன்று சுங்கச்சாவடி தாண்டித்தான் ரத்தத்துக்கு வரவேண்டும். பீட்டா குளுக்கான் மாதிரிப் பெரிய மூலக்கூறு குடலைத் தாண்டுவதே அரிது. தட்டில் வைத்த அடர்த்தி ரத்தத்தில் கிடைக்கவே கிடைக்காது. இதயநோய்த் துறையில் இதே மாதிரி தட்டில் ஜெயித்து மனிதர்களிடம் தோற்றவை நிறைய. வைட்டமின் டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய வைட்டல் ஆய்வில் அது மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை என்று தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை நம்பிக்கை வைத்திருந்தோம்!

மனிதர்களிடம் ஆய்வே நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது. முடிவுகள் கலவையாக இருக்கின்றன. விளம்பரங்கள் நல்லதை மட்டும் சொல்வதால் நான் இரண்டையும் சொல்கிறேன்.

ரீஷியை முதலில் பார்ப்போம். ஹாங்காங்கில் 26 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறைந்தது, நல்ல கொழுப்பான எச்டிஎல் கூடியது. நல்ல செய்திதான், ஆனால் 26 பேர்தான். 2015-ல் காக்ரேன் அமைப்பு இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டி அலசியது. தேறியவை 5 ஆய்வுகள், 398 பேர், பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள். இதய ஆபத்துக் காரணிகளுக்கு ரீஷியைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றே முடித்தார்கள். அடுத்த வருடம் சிட்னி ஆய்வாளர்கள் 84 பேரிடம் தினம் 3 கிராம் வீதம் 16 வாரம் கொடுத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ரீஷி சாப்பிட்டவர்களுக்கும் சர்க்கரை அளவில் வித்தியாசமே இல்லை.

சிப்பிக் காளான் கதை இன்னும் சுவாரசியமானது. வங்கதேசத்தில் 89 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வாரம் காளான் கொடுத்து, ஒரு வாரம் நிறுத்தி, மறுபடி ஒரு வாரம் கொடுத்தார்கள். 2007-ல் வெளியானது. கொடுத்தபோது சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இறங்கின, நிறுத்தியபோது ஏறின, மறுபடி கொடுத்தபோது மறுபடி இறங்கின. நம்மைப் போலவே சோறு சாப்பிடும் மக்கள் என்பதால் எனக்கு இது மனதுக்கு நெருக்கமான ஆய்வு. ஆனால் இதில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி உணவு சாப்பிட்ட குழு இல்லை, காலமும் குறைவு. அப்புறம் சான்பிரான்சிஸ்கோவில், எச்ஐவி மருந்தால் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தவர்களுக்கு உலர்த்திய சிப்பிக் காளான் தினம் 15 கிராம், 8 வாரம் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் சொல்லும்படி குறையவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது 2019-ல் வந்த அமெரிக்க ஆய்வு. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். காளான் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் குறைவு என்று அதில் தெரியவில்லை.

ரத்தத்தில் ஓர் எண் குறைவதும் மாரடைப்பு குறைவதும் வேறு வேறு. இரண்டாவதைக் காட்ட ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பார்க்கவேண்டும். எந்தக் காளான் எக்ஸ்ட்ராக்டுக்கும் அந்தச் சோதனை நடந்ததில்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரையே பூஞ்சையிலிருந்து வந்ததுதானாமே! அப்போ நேரடியாகக் காளானையே சாப்பிட்டால் என்ன?

நல்ல கேள்வி. ஜப்பானின் அகிதாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. சின்ன வயதிலிருந்தே காளான், பூஞ்சை என்றால் அவருக்கு ஈடுபாடு. பூஞ்சைகள் தம்மைக் காத்துக்கொள்ள, மற்ற உயிரிகளின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைச் சுரக்கலாம் என்று ஊகித்தார். 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். 1973-ல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டின், அதாவது கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து, கிடைத்தது. பின்னர் அமெரிக்காவில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாட்டின் எடுத்தார்கள். 1987-ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. எண்டோ 2024-ல் தன் 90-வது வயதில் காலமானார்.

அதே லோவாஸ்டாட்டின் சிப்பிக் காளானிலும் இருக்கிறது என்று 1995-ல் கண்டுபிடித்தார்கள். விளம்பரக்காரர்கள் இந்த வரியைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் காளானில் அதன் அளவு ரகத்துக்கு ரகம், விளைச்சலுக்கு விளைச்சல் மாறுகிறது. ஒரு மூட்டையில் நிறைய இருக்கும், அடுத்ததில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மாத்திரையில் 10 மி.கி. என்று எழுதியிருந்தால் உள்ளே 10 மி.கி. இருக்கும். அதுதான் பெரிய வேறுபாடு. 1994-ல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் இருந்த 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மரணம் 30% குறைந்தது. அதற்குப் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் 39 புள்ளி (மி.கி./டெ.லி.) குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 22% குறைகின்றன என்று தெரிந்தது. பூஞ்சையிடமிருந்து இதயத்துக்குக் கிடைத்த நிரூபணமான உதவி உங்கள் மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது. ஜன் ஔஷதி கடையில் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் ஒரு அட்டை மிகக் குறைந்த விலைதான். காளான் பாட்டில் அதைப்போல் பல மடங்கு.

அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தது. "இங்கிலீஷ் மருந்து போதும், இனிமேல் ரீஷி சாப்பிடுறேன்" என்கிறார். என்ன சொல்வது?

இதைப் படிக்கும்போதே எனக்குப் பதைக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் அல்லது அதுபோன்ற ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். டாக்டர் சொன்ன காலத்துக்கு முன் அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். அது திடீரென்று வரும் பெரிய மாரடைப்பு. நிறுத்தவே விடாதீர்கள்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். ஏன் நிறுத்த நினைக்கிறார் என்று கேளுங்கள். பல பெரியவர்களுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். ஸ்டாட்டினால் தசைவலி, ஆஸ்பிரினால் வயிற்றெரிச்சல், "பிள்ளைக்குச் செலவு" என்ற சங்கடம். வலிக்கு ரகத்தையோ அளவையோ மாற்றலாம், எரிச்சலுக்கு வேறு மாத்திரை சேர்க்கலாம், செலவுக்கு ஜன் ஔஷதி இருக்கிறது. ஜெயதேவா மாதிரி அரசு இதய மருத்துவமனையில் காட்டுபவர் என்றால் அடுத்த ஓபி தேதி வரை காத்திருக்காமல் முன்னதாகவே போய்க் கேட்கலாம். "டாக்டரிடம் கேட்டுட்டு ரெண்டுமே சாப்பிடலாமானு பார்ப்போம்ப்பா" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

இயற்கைப் பொருள்தானே, பக்கவிளைவு என்ன வந்துவிடும்?

வரும். யாருக்கு என்று சொல்கிறேன்.

வால்வு மாற்றியவர்கள், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுவார்கள். ரீஷி சோதனைக்கூடத்தில் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கிறது. இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அளவைக் கலைத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ வருகிறதென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி ரீஷியை நிறுத்துங்கள்.

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றியவர்கள் தொடவே வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை அடக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருள் எதற்கு?

ரீஷிப் பொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக ஹாங்காங், தாய்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், ஒரு மரணம் உட்பட. அரிதுதான். ஆனால் கண் மஞ்சளானால், சிறுநீர் கருத்தால், உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சாகா என்ற கறுப்புக் காளானில் ஆக்சலேட் மிக அதிகம். அதைத் தொடர்ந்து சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். ஷிட்டாக்கேயை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் முதுகில் சாட்டையால் அடித்ததுபோல் கோடு கோடாகத் தடிப்பு வரும். நன்றாக வேகவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பாட்டிலில் என்ன பார்த்து வாங்குவது?

வாங்கச் சொல்லவில்லை. ஆனாலும் வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடாது.

ஒரு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் சிவப்பு ரீஷிக் காளான் படம் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் "மைசீலியம்" என்று இருக்கலாம். காளானின் வேர் போன்ற நூலிழைப் பகுதி அது. அதைச் சோளத்திலோ அரிசியிலோ கோதுமையிலோ வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்துவிடுகிறார்கள். அப்படியானால் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பகுதி சோளமாவுக்கு. குடைப்பகுதியில் இருந்து எடுத்தது என்றால் "ஃப்ரூட்டிங் பாடி" என்று போட்டிருப்பார்கள்.

அடுத்து "பாலிசாக்கரைடு 50%" என்றிருக்கும். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான், ஆகவே இந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கவேண்டும். "10:1" என்றால் பத்துக் கிலோ காளானை ஒரு கிலோவாக வற்றவைத்தது. அதில் என்ன தங்கியது என்று அந்த எண் சொல்லாது. வெந்நீரில் வடித்தால் பீட்டா குளுக்கான் வரும், கசப்பான கேனோடெரிக் அமிலங்கள் வர ஆல்கஹாலும் வேண்டும். ரீஷிப் பொடியை நாக்கில் வைத்தால் கசக்கவே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு நன்றாக ஆறவையுங்கள். புண்ணுக்குப் போடும் பெட்டாடின் இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. பழுப்பாகவே இருந்தால் தானியம் அதிகம் இல்லை. பார்த்துவிட்டுக் கீழே கொட்டிவிடுங்கள், குடிக்காதீர்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் கட்டாயம் இருக்கவேண்டும். உணவு உரிமத்தில் வரும் பொருள் அது, மருந்தாகச் சோதிக்கப்பட்டது அல்ல.

சொந்தக்காரர் ஒருவர் கேனோடெர்மா (ரீஷியின் இன்னொரு பெயர்) காபி விற்கிறார். "பைபாஸே வேண்டாம்" என்கிறார். சட்டப்படி அப்படிச் சொல்லலாமா?

கூடாது. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியல் உண்டு. தமனித் தடிப்பு, இதயநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதில் இருக்கின்றன.

சங்கிலி விற்பனையில் சிக்கிக்கொண்ட சொந்தக்காரர் பெரும்பாலும் தானும் அதை நம்பித்தான் விற்கிறார். உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காபி நன்றாக இருந்தால் ஒரு பாக்கெட் வாங்கிக் காபியாகக் குடியுங்கள். ஆஞ்சியோகிராம் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி (பூஞ்சையால் புளிக்கவைத்த அரிசி) கலந்த கேப்சூல் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதே?

குறைக்கும், ஏனென்றால் அதில் இருப்பது லோவாஸ்டாட்டினேதான், மோனகோலின் கே என்ற பெயரில். ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் இரட்டை அளவாகித் தசை பாதிக்கப்படலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு நாளைக்கு 3 மி.கி.-க்குக் கீழ்தான் இருக்கவேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டது. சரியாகத் தயாரிக்காவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாத சிட்ரினின் என்ற நச்சும் வந்துவிடும்.

கார்டிசெப்ஸ், லயன்ஸ் மேன், டர்க்கி டெயில்?

இமயமலைப் பக்கம் கீடா ஜடி என்று பறிக்கும் கார்டிசெப்ஸ் புழுவின்மேல் வளர்வது, தங்க விலை. நமக்குக் கிடைக்கும் கேப்சூலில் பெரும்பாலும் இருப்பது பண்ணையில் வளர்த்த வேறு இனம். லயன்ஸ் மேன் நரம்புக்கு என்கிறார்கள். டர்க்கி டெயிலில் இருந்து எடுத்த மருந்தை ஜப்பான் 1970-களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தது. தமனி அடைப்புக்கு என்று மூன்றுக்கும் உருப்படியான மனித ஆதாரம் கிடையாது.

அப்போ காளானை எப்படித்தான் சாப்பிடுவது?

இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கொழுப்பு ஏறக்குறைய இல்லை, சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் உண்டு. இறைச்சி போன்ற சுவை அதற்கு இயல்பாகவே இருப்பதால் உப்பைக் குறைத்துப் போட்டாலும் நாக்கு ஏமாற்றம் அடைவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுக்கறிக்குப் பதில் காளான் என்று மாற்றினாலே உணவில் கெட்ட கொழுப்பு இறங்கிவிடும். என் கணக்கில் காளானின் உண்மையான இதய நன்மை இங்கேதான் இருக்கிறது.

சிப்பிக் காளானைக் கத்தியால் வெட்டாமல் மடல் போக்கில் கையால் கிழியுங்கள். வாணலியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் விடாமல் காளானை மட்டும் போடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் தண்ணீர் விட்டு வதங்கும். அந்தத் தண்ணீர் வற்றி ஓரம் பொன்னிறமாகும்போது சத்தமும் மாறும், சளசளப்பு போய்ச் சடசடக்கும். அப்போது ஒரு ஸ்பூன் எண்ணெய், சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு, மிளகு, கறிவேப்பிலை. உப்பு கடைசியில். முதலிலேயே எண்ணெய் விட்டால் காளான் எண்ணெயைக் குடித்துவிடும். எர்கோதயோனின் சூட்டைத் தாங்கும், ஆகவே சமைத்தால் சத்து போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். பச்சையாகத்தான் சாப்பிடக் கூடாது.

நம் தெருமுனைக் கடைகளின் மஷ்ரூம் மஞ்சூரியனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மைதாவில் முக்கி, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்து, சோயா சாஸ் ஊற்றியது அது.

மொட்டுக் காளான் எந்தக் கடையிலும் கிடைக்கும். பால் காளான் கிடைத்தால் விடாதீர்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் வெயில் ஊர்களுக்கென்றே வந்தது. வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டால் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதையும் பயிற்சியும் தருகிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பொட்டாசியம் கணக்கைக் கேட்டுக்கொண்டு சாப்பிடவும்.

மழை பெய்ததும் லேஅவுட் காலி மனையில் முளைக்கும் காளான்?

வேண்டாம். ஊரில் புற்றுக் காளான் பார்த்து வளர்ந்த பாட்டியே சொன்னாலும் இங்கே வேண்டாம். விஷக் காளான் அச்சு அசலாக நல்லதைப் போலவே இருக்கும்.

எனக்கு 36 வயது, ஐடி வேலை, மாத்திரை எதுவும் இல்லை. முன்னெச்சரிக்கையாக ரீஷி எடுக்கலாமா?

அந்தப் பணத்தில் முதலில் லிப்பிட் ப்ரொஃபைல், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53, மற்றவர்களுக்கு 59 என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55-க்கு முன் இதயநோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். புகைபிடித்தால் நிறுத்துங்கள். அதற்கு ஈடான கேப்சூல் எந்தக் காட்டிலும் முளைக்கவில்லை.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை என்றால் வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே மூன்று பாட்டில் வாங்கிவிட்டேன். தூக்கிப் போடவா?

உங்கள் மாத்திரைச் சீட்டையும் பாட்டிலையும் டாக்டரிடம் ஒன்றாகக் காட்டுங்கள். ரத்தம் இளக்கும் மருந்து, உறுப்பு மாற்று, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் திறக்காமல் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள், சர்க்கரை தாழ்ந்துபோகலாம். இவை எதுவும் இல்லாமல் டாக்டரும் சரி என்றால், ஆரம்பிக்கும் முன் லிப்பிட், கல்லீரல் டெஸ்ட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி எடுங்கள். நடுவில் உணவையோ மாத்திரையையோ மாற்றாதீர்கள், மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. எல்டிஎல் அசையவில்லையென்றால் நான்காவது பாட்டில் வாங்கவேண்டாம்.